டிசம்பர் கடைசி வாரம்: சிலருக்குப் பேர், மற்றவர்களுக்கு எண்ணிக்கை

கேள்வி: மண்டபத்து வாசகர் ஒருவர்
18 டிசம்பர் 2024, காலை 7.10

மூணு நாளாக எல்லார் ஸ்டேட்டஸிலும் மறைந்த ஜாகிர் உசேன். தபேலாவில் வலது எது, இடது எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். இருக்கட்டும், பெரிய கலைஞர்தான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரியோடு தனுஷ்கோடி புயலில் அழிந்து அறுபது வருஷம் ஆகிறது. அதில் போன ஒரே ஒரு ஆளின் பேராவது இங்கே யாருக்காவது தெரியுமா? ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அன்றைக்கு அங்கே இருந்தார்கள் என்பது மட்டும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிறது. இது என்ன நியாயம்? ராமநாதபுரத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் பதில் சொல்லட்டும். சாவு வீட்டுக்காரர்களும் ரசிகர் மன்றத்துக்காரர்களும் அவரிடம்தானே போகிறார்கள்.

18 டிசம்பர், இரவு 10.40

நியாயமே இல்லை. என் ஆர்டர் நோட்டே சாட்சி.

டிசம்பர் கடைசி வாரம் எனக்குத் தீபாவளி மாதிரி. 24 எம்.ஜி.ஆர். நினைவு நாள் (1987), அதே தேதியில் பெரியார் (1973). 26 சாவித்திரி (1981). அவருக்கு ஃப்ளெக்ஸ் வராது, ஸ்டேட்டஸ் வரும். அதே 26 சுனாமி (2004). இலங்கை குறுக்கே கிடந்ததால் நம் கரை தப்பித்தது, நாகப்பட்டினத்துக்கு விழுந்த அடி நமக்கு விழவில்லை. 28 விஜயகாந்த், முதலாம் ஆண்டு என்பதால் இப்போதே ஏழு ஆர்டர் நோட்டில் இருக்கிறது. 22-ஆம் தேதிக்கு? கடை திறந்து பதினாலு வருஷம், ஒரு ஆர்டர் வந்ததில்லை. நான் தங்கச்சிமடத்துக்காரன். நானும் ஒன்று அடித்ததில்லை.

18 டிசம்பர், இரவு 11.05

ஒரு திருத்தம். ஜெமினியும் சாவித்திரியும் புயல் அன்று ராத்திரி இருந்தது ராமேஸ்வரத்தில். தனுஷ்கோடியில் தங்கியிருந்தால் கதையே வேறாகியிருக்கும். ஆனால் நம் ஊரில் எல்லாரும் தனுஷ்கோடி என்றுதான் சொல்வோம். சுற்றுலா வருகிறவர்களிடம் ஜீப்காரர்கள், “இந்தா, இந்தச் சுவருக்குப் பக்கத்துலதான் சாவித்திரி நின்னாங்க” என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். போன மாசம் அதே ஜீப்காரர் வேறு சுவரைக் காட்டினார்.

19 டிசம்பர், காலை 6.20

புயலில் போன ரயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு. பாம்பனிலிருந்து 22-ஆம் தேதி ராத்திரி 11.55-க்குக் கிளம்பிய 653 பாசஞ்சர். தனுஷ்கோடி கிட்டத்தில் சிக்னல் விழவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டிரைவர் விசில் அடித்து வண்டியை எடுத்தார். அலை மொத்தமாக வாரிக்கொண்டது. 115 பயணிகள். புயலில் மொத்தம் இறந்தவர்கள் சுமார் 1,800 என்று எழுதுகிறார்கள். அந்தச் ‘சுமார்’ என்ற வார்த்தையைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். இறந்தது சுமார் 24-ஆம் தேதி என்று யாராவது எழுதுவார்களா?

19 டிசம்பர், மதியம் 2.15

பயணிகள் 110, ரயில்வே ஆட்கள் 5, சேர்த்து 115. காலையில் அவசரத்தில் எல்லாரையும் பயணிகளாக்கிவிட்டேன். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அந்தக் காலத்தில் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே எத்தனை பேர் டிக்கெட் எடுத்தார்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள்.

19 டிசம்பர், இரவு 9.50

கடையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

என் கம்ப்யூட்டரில் நடிகர்களுக்கென்று தனி ஃபோல்டர். ஒவ்வொருவருக்கும் நூறு, இருநூறு படம். பின்னணி வெட்டித் தயாராக, கிரீடம் வைத்தது, சிங்கத்தோடு நிற்பது, குதிரையில் வருவது. இருபதுக்குப் பத்து அடி ஃப்ளெக்ஸ் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மன்றத்துத் தம்பிகள் டீ வாங்கிக் கொடுப்பார்கள், பாதிப் பணம் கொடுப்பார்கள். மீதிப் பாதி அந்த நடிகரின் அடுத்த படம் ஓடினால் வரும்.

சாவு வீட்டு வேலை மூன்றுக்கு இரண்டு அடி, இல்லையென்றால் ஏ3 போஸ்டர். அதற்குத்தான் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும். முதலில் போட்டோ கிடைக்காது. ஆம்பிளையாக இருந்தால் மீனவர் அடையாள அட்டையில் ஒன்று இருக்கும், முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. பெண்கள் பாடு இன்னும் மோசம். போன ஆவணியில் ஒரு பையன் கல்யாண குரூப் போட்டோ ஒன்றைக் கொண்டு வந்தான். முப்பது பேர் நிற்கிறார்கள், அவன் ஆச்சி மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால், நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும். “இதுலேர்ந்து எடுத்துருங்கண்ணே” என்றான். மற்றக் கண்ணை இந்தக் கண்ணைத் திருப்பிப் போட்டுச் செய்தேன். வாயை அவன் அம்மாவின் வாயிலிருந்து எடுத்தேன். சேலை என்னிடம் ரெடியாக இருக்கிற சேலை. கடைசியில் அவன் அம்மா வந்து பார்த்து, “கழுத்துல ஒரு சங்கிலி போட்டுரு தம்பி” என்றார். இருந்தபோது போட்டிருந்தாரா என்று நான் கேட்கவில்லை. போட்டேன். படத்தைப் பார்த்து அந்த அம்மா அழுததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாதி முகம் அவருடையது.

அடுத்தது தோற்றம், மறைவு. மறைவு எல்லாருக்கும் தெரியும். தோற்றம் கேட்டால் ஆதாரை நீட்டுவார்கள். அதில் ஜனவரி 1. எங்கள் கரையில் அறுபது தாண்டிய கிழவிகள் பாதிப் பேர் ஜனவரி 1-இல் பிறந்தவர்கள். அடித்துக் கொடுத்துவிடுவேன். நடிகர் பிறந்த நாளில் ஒரு தேதி மாறினால் என் கடைக்கு முன்னால் ஐம்பது பைக் நிற்கும்.

பணத்தைப் பொறுத்தவரை சாவு வீட்டில் அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். பதினாலு வருஷத்தில் ஒரு அஞ்சலி போஸ்டருக்குக்கூட நான் கடன் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

20 டிசம்பர், இரவு 10.15

ஜாகிர் உசேனிலிருந்துதானே பேச்சு தொடங்கியது. நம் ராமநாதபுரத்துக்காரர் சி. எஸ். முருகபூபதி, மிருதங்கம். பாலக்காடு மணி அய்யர், பழனி சுப்ரமணிய பிள்ளை, அடுத்து இவர் என்று மூன்று பேரைச் சேர்த்துச் சொல்வார்கள். இவர் அண்ணன் சங்கரசிவம் பாடகர் மதுரை சேஷகோபாலனுக்குக் குரு. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குருவான ‘பூச்சி’ சீனிவாச ஐயங்காரும் ராமநாதபுரம்தான். இன்று கடைக்கு வந்த பதினோரு பேரிடம் முருகபூபதி யார் என்று கேட்டேன். ஒருவர் மட்டும், “கவுன்சிலரா?” என்றார்.

ஆகவே மேடை ஏறினால் மட்டும் போதாது போலிருக்கிறது.

20 டிசம்பர், இரவு 10.40

அதே பதினோரு பேரிடம் நடிகர் செந்தில் ஊர் எது என்றும் கேட்டிருந்தேன். ஒன்பது பேர் டக்கென்று இளஞ்செம்பூர், முதுகுளத்தூர் பக்கம் என்றார்கள். ராஜ்கிரண் கீழக்கரை என்று கேட்காமலேயே சொன்னார்கள். நாகூர் ஹனிபா பிறந்தது ராமநாதபுரத்தில் என்று நான் சொன்னதற்குச் சண்டைக்கு வந்தார்கள். பேரிலேயே நாகூர் இருக்கும்போது நாம் எப்படி உரிமை கொண்டாடுவது, விட்டுவிட்டேன்.

21 டிசம்பர், காலை 8.00

மண்டபத்துத் தம்பி தனியாக எழுதிக் கேட்கிறார்: பிரச்சினை சினிமாக்காரர்களால் மட்டுமா, பேர் வாங்கியவர்கள் எல்லாராலுமா என்று. நல்ல கேள்வி. பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாலம், 64 புயலில் கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. ஆறு மாசத்தில் சரி செய்யச் சொன்னார்கள், பிறகு மூன்று மாசமாகக் குறைத்தார்கள், என்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். அப்போது அவருக்கு 32 வயசு. பின்னாளில் டெல்லி மெட்ரோ. அவரைக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் கர்டர்கள் கடலுக்கடியில் எங்கே கிடக்கின்றன என்று துப்புச் சொன்னவர்கள் மீனவர்கள். அந்தக் கதை வரும் இடத்திலெல்லாம் ‘மீனவர்கள்’ என்றுதான் இருக்கும். ஒரு பேர் இருக்காது.

என் அப்பா சொல்வார், தென்கடல் ஆண்கடல், வடகடல் பெண்கடல், எது எதைக் கொண்டுபோய் எங்கே போடும் என்று தெரிந்தவனுக்குத் தெரியும் என்று. அந்தத் தெரிந்தவன் யார் என்று அப்பாவுக்கும் தெரியாது.

22 டிசம்பர், இரவு 11.55

இந்த நேரத்துக்குத்தான் வண்டி கிளம்பியது.

இன்று தங்கச்சிமடம் போயிருந்தேன். தம்பி கேள்வி கேட்ட நாளிலிருந்து மனசில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் அப்பத்தாவின் தங்கை தனுஷ்கோடியில் இருந்தார். புயலில் போய்விட்டார். இந்த வருஷம் அவருக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிப்போம், அறுபதாம் ஆண்டு, ஊரில் முதல் ஃப்ளெக்ஸாக இருக்கட்டும் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். பின்னணிக்குக் கடல், மேலே சிலுவை, மெழுகுவத்தி எல்லாம் வைத்தாயிற்று. பேர் என்ற இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. எனக்குப் பேர் தெரியாது.

அத்தையைக் கேட்டேன். அத்தைக்கு அப்போது ஆறு வயசு. “சின்னாத்தாடா” என்றார். அது சரி அத்தை, பேரு? “சின்னாத்தான்னுதான் கூப்பிடுவோம். அம்மா ‘ஏட்டி’ன்னு கூப்பிடும். அவுக வீட்டுக்காரர் கூப்பிட்டு நான் கேட்டதில்ல.” சின்னாத்தா கருவாட்டு வியாபாரம். ஓலைக் கொட்டானில் கருவாட்டை அடுக்கி ரயிலில் கொண்டு வருவாராம். கொட்டானுக்குள்ளே, கருவாட்டுக்கு நடுவில், வாழைச்சருகில் சுற்றி ஒரு சிலோன் சோப்பு இருக்கும், அக்காவுக்கு. அப்பத்தா அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்ததே இல்லையாம். பெட்டிக்குள் சேலைக்கு நடுவில் வைத்திருந்தாராம். சேலையெல்லாம் சோப்பும் கருவாடும் கலந்த ஒரு வாசம் அடிக்கும் என்று அத்தை சொல்லிச் சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த டிசம்பரில் இங்கே வந்திருந்தவர், கிறிஸ்துமஸுக்கு மாவு இடிக்க வேண்டும் என்று கிளம்பிப் போனாராம். எந்த வண்டியில்? அத்தை சொல்வது 22 சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டில் இருந்தபோது போனார் என்று. பெரியப்பா உயிரோடு இருந்தபோது சொன்னது, கடைசி வண்டியில்தான் ஏறினார் என்று. அப்படியானால் 115-இல் ஒருவரா, 1,800-இல் ஒருவரா? அத்தையிடம் கேட்டேன். “டிக்கெட் எடுத்திருக்க மாட்டா, ரெண்டுலயும் வரமாட்டா” என்றார்.

போட்டோ ஏது. ஃபைலை மூடிவிட்டேன்.

முதல் நாள் ஊரைப் பார்த்து நியாயமில்லை என்று எழுதினேன். அதை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

24 டிசம்பர், காலை 9.30

விடியற்காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி. ‘படகோட்டி’ பாட்டு. அந்தப் படம் 1964 தீபாவளிக்கு வந்தது. புயலுக்கு ஏழு வாரம் முன்னால். தனுஷ்கோடியிலிருந்து எத்தனை பேர் ராமநாதபுரம் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பல் விளக்கினேன்.

எம்.ஜி.ஆர். இறந்தபோது அப்பா மொட்டை போட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. தாத்தாவுக்கே போடாத மொட்டை. அதற்காக அப்பத்தா ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. சற்று முன் போனில் அவரையே கேட்டேன், ஏன் போட்டீர்கள் என்று. “அன்னைக்கு ஊரே அழுதுச்சுப்பா. கடலுக்கு ஒருத்தனும் போகல. கரையில உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து அழுதோம். அது ஒரு மாதிரி நல்லாருந்துச்சு.”

அதைக் கேட்டதும் மன்றத்துத் தம்பிகள்மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. சேர்ந்து அழுவதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு முகம் வேண்டியிருக்கிறது. சின்னாத்தாவுக்கு அப்பத்தா தனியாகத்தான் அழுதிருப்பார். பக்கத்து வீட்டிலும் அவரவர் ஆளுக்கு அழுதுகொண்டிருந்திருப்பார்கள்.

26 டிசம்பர், இரவு 8.45

சாவித்திரி நாள். எதிர்பார்த்தபடி ஸ்டேட்டஸ் வரிசை கட்டி நிற்கிறது. பத்தில் ஏழு பதிவு அவர் எப்படி நடித்தார் என்பதைப் பற்றி இல்லை. எப்படிக் குடித்தார், எப்படிச் சொத்தை இழந்தார், பத்தொன்பது மாசம் நினைவில்லாமல் எப்படிக் கிடந்தார் என்பதைப் பற்றி. கடைசிக் காலத்துப் படத்தையும் போடுகிறார்கள். எங்கள் சின்னாத்தாவின் கடைசி நேரத்தை யாரும் பார்க்கவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. அத்தை நினைவில் அவர் இன்னும் கொட்டானைத் தலையில் வைத்துக்கொண்டு பாம்பன் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

இதற்காகச் சின்னாத்தா பாக்கியசாலி என்று சொல்ல மாட்டேன். முப்பது வயசுகூட இருக்காது.

29 டிசம்பர், காலை 7.00

விஜயகாந்த் ஆர்டர் ஏழும் முழுப் பணம். ஒரு பைசா கடன் இல்லை. 19-ஆம் தேதி மன்றத்துக்காரர்களைப் பற்றி எழுதியதில் இவர்களைக் கழித்துக்கொள்ளவும்.

12 ஜனவரி 2025, இரவு 9.20

இரண்டு வாரம் பொங்கல் வேலை. இன்று பேக்கரும்பு போய் வந்தேன், சென்னையிலிருந்து மைத்துனர் குடும்பம். கலாம் நினைவிடத்தில் நல்ல கூட்டம். 2015 ஜூலை 30 அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன், தங்கச்சிமடத்துக்கு மேல் வண்டி நகரவில்லை, நடந்துதான் போனோம். நினைவிடம் 2017-இல் திறந்தது. கமல் 2018-இல் கட்சிப் பயணத்தைத் தொடங்கியதும் கலாம் வீட்டிலிருந்துதான். பரமக்குடியில் பிறந்த நடிகர், பேப்பர் போட்ட பையன் வீட்டுக்கு வந்து தொடங்கினார். விவேக் மரம் நட்டதும் கலாம் சொல்லித்தான். ஆக நடிகர்களை மட்டும்தான் ஊர் நினைக்கிறது என்ற வாதம் நம் மாவட்டத்தில் செல்லாது.

மைத்துனர் மகள் ஆறாம் வகுப்பு. “மாமா, பறவை எப்படிப் பறக்குதுன்னு அவருக்குச் சொல்லிக்கொடுத்த சார் பேர் சிவசுப்ரமணிய ஐயர், கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார்” என்றாள். ராமேஸ்வரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி வாத்தியார். எண்பது வருஷம் கழித்துச் சென்னைக் குழந்தை அவர் பேரைச் சொல்கிறது, கலாம் போகிற இடமெல்லாம் சொன்னதால். ஷ்வார்ட்ஸ் பள்ளியின் அய்யாதுரை சாலமனும் அப்படித்தான். அதே பள்ளியில் அந்த வருஷம் மற்ற வகுப்பு எடுத்த வாத்தியார்கள் சுமாராகவா எடுத்திருப்பார்கள்? அவர்களிடம் கலாம் மாதிரி ஒரு மாணவர் சிக்கவில்லை, அவ்வளவுதான்.

13 ஜனவரி, காலை 6.50

ராத்திரி படுத்த பிறகு தோன்றியது. கீழக்கரைச் சீதக்காதியும் இதே கதை. வியாபாரி. கொடுத்துக்கொண்டே இருந்தார். கொடுத்த வியாபாரிகள் கரையில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இவர் புலவர்களுக்குக் கொடுத்தார், படிக்காசுப் புலவர் மாதிரி ஆட்கள் பாடினார்கள். செத்த பிறகும் சமாதியிலிருந்து கை நீட்டி ஒரு புலவருக்கு மோதிரம் கொடுத்தார் என்று கதை வந்தது, ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று பழமொழியே ஆகிவிட்டது. அரிசி வாங்கிப்போனவன் பாட மாட்டான், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான். என் தொழில் மூளைக்குப் படுவது: விளம்பரச் செலவை அந்தக் காலத்திலேயே சரியான இடத்தில் போட்டிருக்கிறார். கீழக்கரை நண்பர்கள் அடிக்க வர வேண்டாம், விளையாட்டுக்குச் சொன்னது.

2 பிப்ரவரி, இரவு 10.30

சின்னப்பாலத்துக்கு ஒரு டெலிவரி. கடல்பாசி எடுக்கும் பெண்கள் கரையேறும் நேரம். சேலைக்கு மேலே டி-சர்ட், விரலெல்லாம் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி. சாக்கைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு ஒரு அம்மா விரல் துணியைப் பிரித்தார். உள்ளே விரல் நுனி வெளுத்துச் சுருங்கி, பாறை கிழித்த கோடு கோடாக இருந்தது. மறுபடி அதே ஈரத் துணியைப் பிழிந்து வெயிலில் போட்டார், நாளைக்கு.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா வந்த பிறகு தீவுகளுக்குப் போக இவர்களுக்கு ஏகப்பட்ட தடை. மாசத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று அவர்களாகவே ஒரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள், பாசி திரும்ப வளர வேண்டுமே. இதற்காகப் போராடிய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள், பத்தாயிரம் டாலர். அமெரிக்காக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் வழக்கம்போல் கேட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை எண்ணிக்கை சொல்ல மாட்டேன், ஏனென்றால் இன்று வரை எனக்கும் தெரியாது. டெலிவரிக்குப் போன இடத்தில் சொல்லித்தான் தெரியும். இவ்வளவுக்கும் எங்கள் அம்மாச்சி பாசி எடுத்தவர்.

7 ஏப்ரல், காலை 6.00

நேற்று பாம்பன் புதுப் பாலம் திறந்தாயிற்று. மூன்று நாள் தூக்கம் இல்லை, இதுவரை அடித்ததிலேயே பெரிய ஃப்ளெக்ஸ். பழைய பாலத்தைப் பார்த்தபோது அந்த ‘மீனவர்கள்’ ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், தூங்கப் போகிறேன்.

3 நவம்பர் 2025, இரவு 9.40

ஏழு மாசம் கழித்து வருகிறேன். மண்டபத்துத் தம்பி இன்னும் இருக்கிறாரா தெரியவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இறந்தவர்கள் பேரைச் சீட்டில் எழுதிப் பூசைக்குக் கொடுப்போம், சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். எங்கள் வீட்டுச் சீட்டை வருஷா வருஷம் அத்தைதான் எழுதுவார். இந்த வருஷம் கண்புரை ஆபரேஷன். பழைய சீட்டை என்னிடம் கொடுத்து, “நீ கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொண்டா” என்றார். நோட்டுக் காகிதம், நாலாக மடித்து மடிப்பில் கிழிந்தது. தாத்தா, அப்பத்தா, பெரியப்பா, பதினேழு பேர். எட்டாவது வரியில் ‘தனுஷ்கோடி சின்னாத்தா’ என்று இருந்தது.

“இதையா வாசிப்பாங்க?” என்று கேட்டேன். “பின்ன? அம்மா உசிரோட இருக்கும்போதே அப்படித்தான் கொடுக்கும். அறுவது வருஷமா வாசிக்கிறாங்க.”

சிறு வயதிலிருந்து அந்தப் பூசைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையும் காதில் விழுந்ததில்லை. விழுந்திருக்கும், கவனித்திருக்க மாட்டேன். பட்டியல் நீளம், பின்வரிசையில் நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடித்துக் கொடுத்தேன். நேற்றுப் பூசையில் இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். புதுச் சாமியார், இளவயசு. எங்கள் சீட்டு வந்தது. எட்டாவதாக “தனுஷ்கோடி” என்று வாசித்து நிறுத்தினார். மூச்சு விட்டு, அடுத்ததாக “சின்னாத்தா” என்றார். முன்வரிசையில் அத்தை சடாரென்று திரும்பி என்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தெரியவில்லை, ஆனால் தெரிந்தது.

வெளியே வந்ததும், “என்னத்தடா அடிச்ச? ஒரு ஆளை ரெண்டு ஆளாக்கிட்ட” என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். பழக்கதோஷம். ‘தனுஷ்கோடி, சின்னாத்தா’ என்று நடுவில் கமா போட்டிருக்கிறேன்.

“போகட்டும், தனுஷ்கோடிக்கும் யாராச்சும் சொல்லணும்ல” என்று அப்பா நடுவில் வந்து சமாதானம் செய்து பார்த்தார். அத்தை கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அப்பத்தாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி முடிக்கும் வரை என்னோடு பேசவில்லை. பிறகு அந்த மெழுகுவத்தியிலிருந்தே இன்னொன்றைப் பற்றவைத்து, கடல் பக்கமாகத் தள்ளி மணலில் ஊன்றினார். வாடைக்காற்று, மூன்று தடவை அணைந்தது. நான் குனிந்து கையால் மறைத்துக்கொண்டேன்.

3 நவம்பர், இரவு 10.05

ஃபைலைத் திறந்து கமாவை எடுத்துவிட்டேன். அடுத்த வருஷத்துக்கு.